ஆறு திங்கள் கடந்த சினம்



தசலக்ஷண பர்வம் நிறைவெய்தியபின் வரும் க்ஷமாவாணி நாளில் நம் கைபேசிகளில் மன்னிப்பு வேண்டும் செய்திகள் குவிகின்றன. ஒரே வாசகம், ஒரே தாமரைப் படம். விரல் அசைவில் அது இருநூறு பேருக்குச் சென்றுவிடுகிறது. அடியேனும் ஆண்டுதோறும் அனுப்பி வந்தேன். அந்த இருநூறு பேரில் எவரோடும் எனக்குப் பிணக்கு இல்லை. பிணக்கு இருந்த ஒருவனுடைய எண் மட்டும் என்னிடம் இல்லை.

அவன் என் இளமைத் தோழன். ஒரே திண்ணையில் எழுத்துப் பயின்றோம். பொழுது சாயுமுன் அவன் அன்னையார் எங்கள் இருவரையும் தேடிவந்து அழைத்துச் சென்று, ஒரே வரிசையில் அமர்த்தி அமுது படைப்பார். 1984-ஆம் ஆண்டு எங்கள் ஊர் ஜினாலயத் திருப்பணிக் கணக்கில் முந்நூறு ரூபாய் குறைகிறது என்று, ஊரார் கூடிய அவையில் அவனை நான் கேள்வி கேட்டேன். அவன் ஒரு சொல்லும் பேசாது எழுந்து சென்றான். ஒரு கிழமைக்குள் உண்மை விளங்கிற்று. கூட்டலில் பிழை செய்தவன் நானே. ஆயினும் அவன் வாயிற்படி ஏற என் மானம் இடந்தரவில்லை. பின்னர் அவன் பிழைப்புத் தேடி ஊரை விட்டே போனான். 1997-இல் அவ்வன்னையார் மறைந்த செய்தி எட்டியபோதும், முகவரி கேட்டு இரண்டு வரி எழுதினேன் அல்லேன்.

நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி அருளிய கோம்மடசாரம், கஷாயங்களின் வாசனை உயிரில் எத்துணைக் காலம் தங்கும் என்பதை அளந்து கூறுகிறது. ஸஞ்ஜ்வலனம் ஒரு முகூர்த்தத்துள் அடங்கும். பிரத்யாக்கியானம் ஒரு பக்ஷம். அப்பிரத்யாக்கியானம் ஆறு திங்கள். அதனையும் கடந்து நிற்பது அனந்தானுபந்தி. அது பிறவிதோறும் தொடர்வது, நற்காட்சியையே மறைப்பது. நான் நாள்தோறும் ஜினதரிசனம் செய்தேன், இரவுணவு நீத்தேன். ஆயினும் அந்த அளவுகோலை என்மீது வைத்துப் பார்த்தபோது நடுங்கினேன். ஆறு திங்கள் அன்று, முப்பத்தெட்டு ஆண்டுகள்!

2022-இல் என் பெயர்த்தி முகநூலில் அவனைத் தேடிக் காட்டினாள். நரைத்த தலை, ஆனால் புளியமரத்திலிருந்து விழுந்த நெற்றித் தழும்பு அப்படியே இருந்தது. நட்பு வேண்டும் பொத்தானை அழுத்த எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. அவன் மறுத்தால் என்னாவது என்னும் அச்சமே காரணம். அதுவும் மானத்தின் மற்றொரு முகமே.

அந்நாட்களில் மருபூதியை நினைத்தேன். பார்சுவநாத பகவான் முற்பிறவியில் மருபூதியாக இருந்தபோது, தமக்குத் தீங்கிழைத்த தமையன் கமடனைத் தாமே தேடிச் சென்று வணங்கினார். கமடன் அவர் தலைமேல் கல்லைப் போட்டான். குற்றமற்றவரே தாமாகச் சென்றார், கல்லடியும் பெற்றார். குற்றம் புரிந்த நானோ, நல்ல மறுமொழி கிடைக்குமென்ற உறுதி வேண்டிக் காத்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் எழுதினேன். தாமரைப் படம் இல்லை. பொது வாசகமும் இல்லை. ‘கணக்கில் பிழை என்னுடையது. அதனை அப்போதே அறிந்தேன். அவையில் சொல்லாது மறைத்தேன். அம்மாவின் மறைவுக்கும் வரவில்லை’ என்று எழுதினேன்.

நான்கு நாள் மறுமொழி இல்லை. ஐந்தாம் நாள் வந்தது: ‘எனக்கு எதுவும் மறக்கவில்லை. ஞாயிறு பேசு.’

பேசினோம். முதலில் அவன் கடிந்தே பேசினான், நியாயந்தான். அவையோர் முன் சொன்னதை அவையோர் முன்பே திருத்த வேண்டும் என்றான். அவ்வவையில் இருந்தோருள் இன்று எஞ்சியவர் மூவரே. அம்மூவரிடமும் நேரிற் சென்று உரைத்துவிட்டு, மீண்டும் அவனை அழைத்தேன். சற்றுநேரம் பேச்சே இல்லை. பிறகு, தான் இப்போது பெங்களூரில் மகன் வீட்டில் இருப்பதாகச் சொல்லி, “புறப்பட்டு வாடா. பொழுது சாயுமுன் வந்துவிடு, அதற்குமேல் இங்கே இலை போட மாட்டார்கள்” என்றான்.