சுங்கச் சாவடியும் வணிகன் வாக்கும்

சென்ற ரமலானுக்குச் சில வாரங்களுக்கு முன், நைனார்பாளையத்துப் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்த பின்னர், இளைஞரொருவர் நம்மருகில் வந்தமர்ந்தார். இவ்வூர்ப் பிள்ளை. சென்னையில் பேரீச்சம்பழம் இறக்குமதி செய்யும் வணிகரொருவரிடம் கணினி எழுத்தராக இருப்பவர். “ஹஜ்ரத், வாங்கிய விலையைக் குறைத்துப் பதியச் சொல்கிறார்கள். சுங்கம் என்பது ‘மக்ஸ்’, அதை மறைப்பதில் பாவமில்லை என்கிறார் முதலாளி. பதியும் விரல் என்னுடையது. என் நிலை என்ன?” என்று வினவினார்.

அவர் செய்யும் பணியை முதலில் விளங்கிக் கொண்டோம். முன்னர் ஒரு சரக்கை இறக்க உணவுப் பாதுகாப்பு, தாவரத் தடுப்புக் காப்பு எனத் துறைதோறும் தனித்தனியே ஏறியிறங்க வேண்டும். 2016 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நம் நாட்டுச் சுங்கத்தில் ஒற்றைச் சாளர முறை வந்துவிட்டது. ஒரே படிவத்தைக் கணினியில் பதிந்தால் அதுவே எல்லாத் துறைகளுக்கும் செல்கிறது. சிங்கப்பூர் 1989லேயே இவ்வழியில் இறங்கியது. இந்தோனேசியா, மலேசியா, புருணை ஆகிய முஸ்லிம் நாடுகளும் அடங்கிய ஆசியான் 2005இல் இதற்கென உடன்படிக்கை செய்தது. பாகிஸ்தான் 2021இல் தனிச் சட்டமே இயற்றிற்று. மேசைகள் குறைந்தன, மேசைக்கடியில் நீளும் கைகளும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். நல்லதே.

ஆனால், 2011 முதல் தீர்வையைக் கணக்கிட்டுச் சொல்பவரே இறக்குமதியாளர்தாம். எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்ப்பதில்லை. ஐயத்திற்குரியவற்றைக் கணினி பொறுக்கியெடுக்கிறது. ஏனையவை வணிகனின் வாக்கை நம்பியே வெளியேறுகின்றன.

இம்முறை நமக்குப் புதியதன்று. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வணிகப் பொருள்களுக்கு ஆயம் வாங்க ஜியாத் இப்னு ஹுதைர் அவர்களை நியமித்தபோது, எவரையும் துருவிச் சோதிக்கலாகாது எனப் பணித்ததாக இமாம் அபூயூசுஃப் தமது ‘கிதாபுல் கராஜ்’ நூலில் பதிந்துள்ளார். முஸ்லிமிடம் நாற்பதில் ஒன்று, திம்மியிடம் இருபதில் ஒன்று, அயல்நாட்டு வணிகனிடம் பத்தில் ஒன்று என்பது விகிதம். மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் ‘ஹிதாயா’விலே, ஆயம் வாங்கும் ‘ஆஷிர்’ பற்றித் தனிப் பாடமே உண்டு. “இப்பொருளுக்கு ஆண்டு நிறையவில்லை” என்றோ “எனக்குக் கடனுண்டு” என்றோ வழிச்செல்லும் முஸ்லிம் ஆணையிட்டுக் கூறினால் அவன் வாக்கு ஏற்கப்படும். பல்லாண்டு அப்பாடத்தை நடத்தினோம். அன்று ஆணை, இன்று கையொப்பம்.

இனி முதலாளியின் வாதம். மக்ஸ் வாங்குவோரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்திருப்பது மெய்யே. நம் தமிழகத்திலும் முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் புகழப்பட்டான். சுங்கத்தை மக்கள் விரும்பிய காலமே இல்லை போலும்! இக்கால அரசுகளின் தீர்வை அந்த மக்ஸில் அடங்குமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனுள் நாம் நுழையவில்லை. மக்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். அக்கொடுமை வாங்குவோனைப் பற்றியது. பொய்யுரைப்போனுக்கு அது அனுமதிச் சீட்டாகுமா? அநீதியிலிருந்து தப்ப ஃபிக்ஹில் சலுகை உண்டென்பதையும் மறைக்கவில்லை. அது வழிப்பறியில் சிக்கியவனுக்குரிய வாயில். தாமே விண்ணப்பித்து இறக்குமதி உரிமம் பெற்று, துறைமுகத்தையும் சாலையையும் துய்த்து, “இதிலுள்ளவை உண்மை” என ஒப்பமிடுபவர் அவ்வாயிலில் நுழைவது எங்ஙனம்? மெய்விலை பதிந்த பக்கத்துக் கடைக்காரர் அதே பழத்தை அதே விலைக்கு விற்க இயலாமல் நட்டமடைகிறாரே, அவர் யாருடைய மக்ஸைச் செலுத்துகிறார்?

எழுத்தரின் நிலைக்கு வட்டியைப் பற்றிய நபிமொழியையே எடுத்துக்காட்டினோம். அதில் உண்பவரோடு எழுதுபவரும் சேர்த்தே சபிக்கப்படுகிறார். பிள்ளையின் முகம் வாடிற்று.

“பதிய மாட்டேன் என்றால் வேலை போய்விடும் ஹஜ்ரத். தங்கையின் நிக்காஹ் கடன் இன்னும் பாதி இருக்கிறது” என்றார். அதற்குரிய பாடம் எந்தக் கிதாபிலும் நமக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. முதலாளியிடம் நாமே பேசுகிறோம் என்று அவரது தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டோம். அஸருக்குப் பாங்கு சொல்லும் வரை இருவரும் அங்கேயே அமர்ந்திருந்தோம்.