நண்டின் சாட்சியம்

துறவி நண்டின் வயிறு மென்மையானது. செத்துப்போன நத்தையின் காலி ஓட்டுக்குள் அதைச் செருகிக்கொண்டு வாழும். பெல்ஃபாஸ்டில் ராபர்ட் எல்வுட்டின் குழு அந்த ஓட்டுக்குள் லேசாக மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தது. 2009இல் வெளியான முடிவு இது: அவ்வளவாகப் பிடிக்காத வகை ஓட்டில் இருந்த நண்டுகள் குறைந்த அதிர்ச்சிக்கே வெளியே வந்துவிட்டன. பிடித்த ஓட்டில் இருந்தவை அதைவிட அதிகம் தாங்கின. பின்னொரு சோதனையில், தங்களை வேட்டையாடும் உயிரின் வாசனை தண்ணீரில் இருந்தபோது வெளியேறவே தயங்கின.

வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த நண்டு உடனே புரியும். வீடு நல்லா இருந்தா ஹவுஸ் ஓனரையும் சகித்துக்கொள்வோம், இல்லையா?

வெறும் அனிச்சைச் செயல் என்றால் கணக்கு இப்படி மாறியிருக்காது. இது வலிதான் என்று நிரூபணமாகிவிடவில்லை. ஆனால் உள்ளே ஏதோ ஒன்று இதையும் அதையும் எடைபோடுகிறது. இப்படிப்பட்ட சான்றுகளைத் தொகுத்து ஜொனதன் பர்ச் தலைமையிலான குழு 2021இல் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டன், நண்டு, இறால், கணவாய் எல்லாவற்றையும் உணர்வுள்ள உயிர்களாகச் சட்டத்தில் சேர்த்தது. பூச்சிகள் அதில் இல்லை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். சாட்பாட்டுக்குத் தவறாமல் தேங்க்ஸ் சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. "அது பாவம்டா" என்கிறார்கள். அது பேசுகிறதே, அதனால்தான். எனக்கோ அதன் பேச்சுதான் சிக்கல். வலியைப் பற்றி மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்துவிட்டு வந்திருக்கிறது அது. வினாத்தாள் முன்கூட்டியே கையில் கிடைத்த மாணவனின் மதிப்பெண்ணை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? பர்ச்சும் இதே ஆபத்தைச் சொல்கிறார். "எனக்கு உணர்வே கிடையாது" என்று அது சொன்னாலும் இதே கதைதான். அப்படிச் சொல்லவும் பழக்க முடியும். ஆகவே உள்ளே எதுவும் இல்லை என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. நண்டுக்குச் செய்ததைப் போல, வாய்ப்பேச்சை நம்பாத ஒரு சோதனை அதற்கும் வேண்டும். வார்த்தைகளாலேயே ஆன ஒன்றுக்கு அதை எப்படி வடிவமைப்பது என்பது பெரிய தலைவலி.

நண்டு எதையும் படித்ததில்லை. நாம் எதைத் தேடுகிறோம் என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் அதன் சாட்சியத்தை நம்புகிறேன். சுவிட்சர்லாந்து முழு நிரூபணத்துக்காகக் காத்திருக்கவில்லை. சிங்கி இறாலை மயக்கமூட்டாமல் கொதிக்கிற தண்ணீரில் போடக் கூடாது என்று 2018இலேயே தடை போட்டுவிட்டது. நம்ம ஊர் மீன் மார்க்கெட்டில் நண்டு உயிரோடிருக்கும்போதே காலை ஒடித்துப் பைக்குள் போடுகிறார்கள். தேங்க்ஸ் சொல்கிற அதே நண்பன்தான் பையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.