நினைவாற்றல் எனும் கொடை

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பக்தாதுக்கு வந்தபோது அந்நகர ஹதீஸ் அறிஞர்கள் அவர்களைச் சோதித்த வரலாறு பலரும் கேட்டதே. நூறு ஹதீஸ்களின் வாசகங்களையும் அறிவிப்பாளர் தொடர்களையும் மாற்றிப் பிணைத்து, பத்துப் பேர் ஆளுக்குப் பத்தாக ஓதிக் காட்டினர். ஒவ்வொன்றுக்கும் தாம் அதை அறியவில்லை என்றே விடையளித்த இமாமவர்கள், முடிவில் நூறையும் உரிய தொடருடன் சேர்த்துத் திருத்திச் சொன்னார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

1449-ல் மறைந்த இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள் இதைப் பற்றிக் கூறிய கருத்து மிக நுட்பமானது. பிழையைத் திருத்தியதில் வியப்பில்லை. ஹாபிழுக்கு அது இயல்பே. ஒரே முறை கேட்ட பிழைகளை, கேட்ட வரிசையிலேயே மனத்தில் இருத்தியதுதான் வியப்பு என்றார்கள்.

துறையறிந்தவரின் நினைவு ஒழுங்குள்ள இடத்தில்தான் விரைந்தோடும். சதுரங்கம் இதற்குச் சான்று. (அதை ஆடலாமா, கூடாதா என்ற மஸ்அலாவுக்குள் நாம் இங்கே நுழையவில்லை.) 1973-ல் சேஸ், சைமன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், உண்மையான ஆட்டமொன்றின் காய்நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்தனர். தேர்ந்த ஆட்டக்காரர் பாதிக்கு மேற்பட்ட காய்களை உரிய கட்டங்களில் வைத்தார். புதியவரால் நான்கைந்துக்கு மேல் இயலவில்லை. காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டியதும் இருவருக்கும் இருந்த வேற்றுமை ஏறத்தாழ மறைந்தது! தேர்ந்தவர் கண்டவை தனித்தனிக் காய்களல்ல. கோட்டைக்குள் ஒதுங்கிய ராஜாவும் அதன்முன் நிற்கும் மூன்று சிப்பாய்களும் அவருக்கு ஒரே பொருள்.

ஆக, நாம் கொடை என்று போற்றுவதில் பெரும்பகுதி பயிற்சியின் விளைவு. ஒழுங்கு குலைந்ததையும் தாங்கும் நினைவே அரிய கொடை.

இனி நம் மதரஸாக்களுக்கு வருவோம். இல்ம், ஆலிம், மஃலூம் என்னும் மூன்று சொற்கள் அரபி அறியாத பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்று சுமைகள். ஸர்பு படித்த உஸ்தாதுக்கோ ஒரே வேரின் கிளைகள். பிள்ளைகள் ஓசையைப் பற்றிக்கொண்டு மனனம் செய்துவிடுகிறார்களே என்பீர்கள். உண்மைதான், அதனாலேயே அவர்கள் தூக்குவது உஸ்தாத் தூக்குவதைவிடக் கனமான பாரம். “இவனுக்கு ஞாபகசக்தி இல்லை” என்று பெற்றோரை அழைத்துச் சொல்லும் ஆசிரியர், தமக்குத் தெரியும் ஒழுங்கு அவனுக்கும் தெரிவதாக வைத்தே தீர்ப்பளிக்கிறார். இதை அநீதி என்றே நாம் சொல்வோம். அத்தீர்ப்போடு ஓதலை நிறுத்திவிட்டுக் கடைவேலைக்கு அனுப்பப்படும் சிறுவனுக்கு, அந்த மூன்று சொற்களும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பதை ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.