யாருடைய தவம்?

1978-ஆம் ஆண்டு பிப்ரவரி 18 அன்று, ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த ஓவாஹு தீவில் 15 பேர் கடலில் இறங்கினார்கள். ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறி 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும். அதன்பின் 42 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடவும் வேண்டும். அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் துணைவியார் ஜூடியும் வகுத்த திட்டம் இது. அத்தீவில் தனித்தனியே நடந்துவந்த மூன்று போட்டிகளை அவர்கள் ஒரே நாளில் கோத்துவிட்டார்கள். அன்று 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்தவருக்கே 11 மணி 46 நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று.

'இரும்பு மனிதர்' என்ற பொருளில் 'அயர்ன்மேன்' எனப் பெயர் பெற்ற அப்போட்டி இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது செய்யும் இவ்வகை விளையாட்டை டிரையத்லான் என்கிறோம். இதன் குறுகிய வடிவம் 2000-ஆம் ஆண்டில் சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அயர்ன்மேனில் பாதித் தொலைவு கொண்ட போட்டி 2019 அக்டோபர் 20 அன்று நம் நாட்டின் கோவாவுக்கும் வந்து சேர்ந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை.

இப்போட்டிகளில் கலந்துகொள்வோரில் மிகப் பெரும்பாலோர் விளையாட்டையே தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், மருத்துவர்கள், ஆசிரியர்கள். பிள்ளை குட்டிகளோடு குடும்பம் நடத்துபவர்கள். அவர்களுள் கிறிஸ்தவர்களும் உண்டு. ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. இறைப்பற்று, வேலை, குடும்பம் ஆகிய மூன்றையும் ஏற்றுக்கொண்ட பொதுநிலையினர் ஒருவர், நான்காவதாக இத்தனை கடுமையான பயிற்சியையும் மேற்கொள்ளலாமா? மேற்கொண்டால் எந்த அளவுக்கு?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். திருச்சபை உடலை இகழ்வதில்லை. கொரிந்து நகருக்கு அருகில் நடந்த இஸ்த்மிய விளையாட்டுகளை அறிந்திருந்த மக்களுக்குத்தான் புனித பவுல், பந்தயத் திடலில் ஓடுவோரையும் அவர்களது தன்னடக்கத்தையும் எடுத்துக்காட்டி எழுதினார். திருத்தந்தை பதினோராம் பயஸ், அப்பொறுப்புக்கு வருவதற்குப் பல்லாண்டுகள் முன்னர், 1889-இல் மோந்தே ரோசா மலையில் ஏறியவர். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட பியர் ஜோர்ஜோ பிரசாத்தி, மலையேற்றத்தில் பேரார்வம் கொண்ட இளைஞர். விளையாட்டைப் பற்றிக் கிறிஸ்தவக் கண்ணோட்டத்தில் தனி ஆவணம் ஒன்றையே 2018 ஜூன் மாதத்தில் வத்திக்கான் வெளியிட்டது. எனவே விளையாடுவது தகுமா என்பதன்று நம் கேள்வி.

அதேவேளையில், கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2289-ஆம் எண்ணில் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. உடலைப் பேணுவது கடமை. ஆனால் உடலின் நிறைவையும் விளையாட்டு வெற்றியையும் தெய்வமாக்கி, அதற்காக எல்லாவற்றையும் பலியிடலாகாது என்பதே அதன் கருத்து. கண்ணாடிமுன் நின்று தன் தசைகளைத் தானே வியப்பவனுக்கு இவ்வெச்சரிக்கை எளிதில் விளங்கும். டிரையத்லான் வீரருக்கோ அது அவ்வளவு எளிதில் உறைப்பதில்லை. ஏன்?

அவர் வாழ்க்கை தவத்தைப் போலவே தோன்றுகிறது என்பதால்தான். விடியலுக்கு முன்னே எழுகிறார். உணவை அளந்து உண்கிறார். மதுவை விலக்குகிறார். வலியைப் பொறுத்துக்கொள்கிறார். பயிற்சியைக் குறிக்கும் 'அஸ்கேசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லையே முற்காலக் கிறிஸ்தவர்கள் துறவியரின் ஒறுத்தல் வாழ்வுக்கும் பயன்படுத்தினார்கள். பந்தய வீரனும் பாலைநிலத் துறவியும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொண்டவர்கள். சோம்பலும் பெருந்தீனியும் பாவமென்று கற்று வளர்ந்த நமக்கு, இவற்றின் எதிர்ப்பக்கத்தில் இருப்பதெல்லாம் நற்பண்பாகவே தெரிகிறது.

ஆனால் தவம் எது என்று வள்ளுவரைக் கேட்டால் அவர் வேறொன்றையும் சேர்த்துச் சொல்கிறார். தவம் என்னும் அதிகாரத்தின் முதற்குறளில், தனக்கு வந்த துன்பத்தைத் தாங்குவதையும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாதிருப்பதையும் இணைத்தே அவர் தவத்திற்கு உருவம் தருகிறார். முதற்பாதி மட்டும் இருந்தால் அது மனஉறுதி. இரண்டும் சேர்ந்தால்தான் தவம். நாம் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் பிறக்கிறது. பயிற்சி பெறுகிறவர் எவ்வளவு துன்புறுகிறார் என்பதை மட்டும் அளந்தால் போதாது. அவருக்காக யார் துன்புறுகிறார்கள்?

சிறிது கணக்குப் பார்ப்போம். வாரத்திற்கு 168 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி உறக்கம் என்றால் 56 போகும். வேலைக்கு 48, போய்வரும் பயணத்திற்கு 12 என்று கொண்டால் 52 மணி எஞ்சும். குளிப்பது, உண்பது, கடைக்குப் போவது, பிள்ளைகளின் பாடம், முதியோரின் மருந்து, திருப்பலி, செபம் அனைத்தும் இந்த 52-க்குள் அடங்க வேண்டும். முழு அயர்ன்மேனுக்குத் தயாராகிறவர் வாரம் பத்து முதல் பதினைந்து மணி நேரம் வரை பல மாதங்கள் பயிற்சி செய்வது வழக்கம். அந்த மணிகள் வானத்திலிருந்து விழுவதில்லை. உறக்கத்தைக் குறைத்தால், மறுநாள் அரைத்தூக்கத்தில் இருக்கும் ஆசிரியரின் முன் அமர்ந்திருக்கும் மாணவன் அதற்கு விலை கொடுக்கிறான். வார இறுதியில் ஐந்து மணி நேரம் சைக்கிளில் போனால், அந்த ஐந்து மணி நேரமும் குழந்தைகளைத் தனியே பார்த்துக்கொள்ளும் மனைவி விலை கொடுக்கிறார். தனக்காகவும் ஒரு மணி நேரம் வேண்டும் என்று அவர் வாய்திறந்து கேட்காதிருக்கலாம். கேட்கவில்லை என்பதால் அது அவருக்குத் தேவையில்லை என்று ஆகிவிடாது.

நற்செய்தியில் 'கொர்பான்' என்ற சொல்லைப் பற்றி இயேசு பேசுவதை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் காண்கிறோம். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் 'கடவுளுக்குக் காணிக்கை' என்று சொல்லிவிட்டு அவர்களைக் கைவிடும் வழக்கத்தை ஆண்டவர் கண்டித்தார். கடவுளின் பெயராலேயே வீட்டாரின் உரிமையை எடுத்துக்கொள்ள முடியாது என்றால், ஒரு பதக்கத்தின் பெயரால் எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? 1609-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பக்தி நூலில் புனித பிரான்சிஸ் சலேசியாரும் இதையே வேறு விதமாக விளக்குகிறார். ஆயர் ஒருவர் கார்த்தூசியத் துறவியைப்போலத் தனிமையை நாடினால், கைத்தொழிலாளி நாள் முழுவதும் ஆலயத்திலேயே இருந்தால், அது நகைப்புக்குரியது என்கிறார். அவரவர் அழைப்பைக் கெடுக்கும் பக்தி உண்மையான பக்தி அன்று. செபத்திற்கே இந்த அளவுகோல் என்றால், சைக்கிளுக்கு வேறு அளவுகோல் இருக்க முடியாது.

இதற்கு நேர்மையான மறுமொழி ஒன்று உண்டு. "குடித்துவிட்டு வருகிறவனும் வீட்டின் நேரத்தைத்தானே எடுத்துக்கொள்கிறான்? கைப்பேசியில் மூழ்கிக் கிடக்கிறவன் எடுப்பதில்லையா? நான் உடல்நலத்தோடு இருந்தால் என் பிள்ளைகளுக்குத்தானே நல்லது?" இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் உடல்நலத்திற்கு எவ்வளவு தேவை? உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. அதாவது இரண்டரை மணி முதல் ஐந்து மணி வரை. அதற்கு மேற்பட்ட பத்து மணி நேரம் வேறொன்றுக்காகச் செலவாகிறது. மகிழ்ச்சிக்காக, சாதனைக்காக, நண்பர் குழுவுக்காக. அவை பாவமல்ல. மனிதனுக்கு விளையாட்டும் வேண்டும் என்று புனித தாமஸ் அக்குவினாசே வாதிட்டிருக்கிறார். ஆனால் ஆசையைக் கடமை என்று அழைத்தால், அதைப்பற்றி வீட்டில் பேச வேண்டிய பேச்சு நின்றுவிடுகிறது.

இங்கே இருவரை நினைத்துப் பார்ப்பது பயன்தரும். அமெரிக்காவைச் சேர்ந்த அருள்சகோதரி மடோனா பியூடர் 1930-இல் பிறந்தவர். அருள்தந்தை ஒருவரின் தூண்டுதலால் 48-ஆம் வயதில் ஓடத் தொடங்கினார். 52-ஆம் வயதில் முதல் டிரையத்லானில் இறங்கினார். 2012-இல் கனடாவில் நடந்த அயர்ன்மேன் போட்டியை 82-ஆம் வயதில் முடித்தார். ஓட்டமே அவருக்குச் செபமாயிற்று. அவரைக் கண்டு நாம் வியக்கலாம், ஊக்கமும் பெறலாம். ஆயினும் அவர் ஓடும் நேரத்தில் பால் கேட்டு அழும் கைக்குழந்தை அவருக்கு இல்லை. இல்லறத்தார் அவரிடமிருந்து கற்க வேண்டியது மணிக்கணக்கை அன்று. தம் அழைப்புக்குள்ளேயே உடலையும் இறைவனுக்கு உரியதாக்கும் மனத்தை.

மற்றவர் ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடல். நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் ஞாயிற்றைப் பற்றி நமக்குக் கற்பிக்கக்கூடியவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிறன்று வந்ததால் அதை விட்டுவிட்டார். பின்னர் 400 மீட்டரில் தங்கம் வென்றார். அதன்பின் சீனாவுக்கு மறைப்பணியாளராகச் சென்றார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டு, 1945 பிப்ரவரியில் அங்கேயே இறந்தார். அம்முகாமில் ஞாயிறன்று ஹாக்கி ஆடிய இளைஞர்கள் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டபோது, அச்சண்டையைத் தவிர்க்க அவரே ஞாயிறன்று நடுவராக நின்றார். தன் பதக்கத்திற்காக ஞாயிற்றை விட்டுக்கொடுக்காதவர், பிறர் நலனுக்காக விட்டுக்கொடுத்தார். விளையாட்டும் அவரை ஆளவில்லை. தாம் வகுத்துக்கொண்ட விதியும் அவரை ஆளவில்லை. அன்பே ஆண்டது.

'சமநிலை' என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். தராசில் இரு தட்டுகளிலும் வைக்கப்படுபவை ஒரே வகைப் பொருளாக இருக்க வேண்டும். திருமண வாக்குறுதி இறைவன் முன் கொடுக்கப்பட்ட சொல்; பயிற்சி அட்டவணை நாமே எழுதிக்கொண்ட தாள். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைப்பதே முதற்பிழை. வேண்டியது வரிசை. எது முன், எது பின் என்று தெரிந்துவிட்டால், பின்னால் இருப்பதற்கும் உரிய இடம் கிடைத்துவிடும்.

எனவே போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் நம்மை நாமே சிலவற்றைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த மணிகளைத் துணைவர் மனமுவந்து தந்தாரா, அல்லது நாமே எடுத்துக்கொண்டோமா? அதே அளவு நேரம் அவருக்கும் அவர் விரும்பியதற்குக் கிடைக்கிறதா? ஞாயிற்றுப் போட்டிக்குச் செல்வோருக்கு முந்திய நாள் மாலைத் திருப்பலியில் பங்கேற்கத் திருச்சபை வழி வைத்திருக்கிறது; அவ்வழியைத் தேடினோமா? பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் இப்பருவத்தில், குறுகிய தொலைவே போதுமென்று சொல்ல முடிகிறதா? எல்லாவற்றிற்கும் மேலாக, தாய் நோயுற்றால் அன்றே பயிற்சியை நிறுத்திவிட நம்மால் முடியுமா? நிறுத்த முடிந்தால் அது விளையாட்டு. முடியாவிட்டால் அது வேறொன்றாகிவிட்டது. அதற்கு விவிலியம் தந்திருக்கும் பெயர் நமக்குத் தெரியும்.

இக்கேள்விகளுக்கு நல்ல விடை கூறக்கூடியவர் தயக்கமின்றி நீந்தட்டும், மிதிக்கட்டும், ஓடட்டும். அவர் உடலும் இறைவனுக்குப் புகழ் சேர்க்கும். வீட்டில் இருப்பவர்களும் அவருடைய வெற்றியைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடுவார்கள். ஏனெனில் அதற்குரிய விலையை அவர்கள் அறிந்தே, அன்போடு கொடுத்திருப்பார்கள்.