யார் துடைப்பது?

ஒன்றரை வயதுக் குழந்தையைச் சமையலறையில் விட்டுவிட்டு வாசலில் பால் வாங்கித் திரும்பும் நேரம் போதும். ரவை டப்பா கவிழ்ந்திருக்கும். ரவையின் மேல் தண்ணீர், அதன் மேல் கோலமாவு, அந்தக் குழம்புக்குள் அப்பாவின் செல்போன். என் மகள் அந்த வயதில் இப்படித்தான் நடுவில் உட்கார்ந்திருப்பாள். முகத்தில் பயம் துளியும் இராது. பிசைந்ததில் ஒரு பிடி அள்ளி எனக்கும் ஊட்ட வருவாள்.

கொட்டியது எவ்வளவு தூரம் ஓடும், நனைந்த மாவு ஏன் விரலை விடமாட்டேன் என்கிறது என்பதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தர முடியாது. உளவியலாளர் ழான் பியாஜே தன் மூன்று குழந்தைகளை உடனிருந்து கவனித்து 1936-இல் ஒரு நூல் வெளியிட்டார். கையிலிருப்பதைத் திரும்பத் திரும்பக் கீழே போடும் குழந்தை, ஒவ்வொரு முறையும் கையை வேறு மாதிரி வைத்துப் போட்டுப் பார்ப்பதை அதில் எழுதியிருக்கிறார். நமக்கு அது பிடிவாதமாகத் தெரிகிறது.

புறநானூற்றின் 188-ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடை நம்பி, நெய்ச்சோற்றைத் துழாவி மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையைக் கண்முன் நிறுத்துகிறான். பிள்ளை இல்லாத வாழ்நாளுக்குப் பயனில்லை என்னும் அவன் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தையை அவன் ஆசை தீரப் பார்த்திருக்கிறான். நெய் படிந்த தரையைத் துடைத்தவர் யார் என்பது பாட்டில் இல்லை. அரசனாக இருந்திருக்க முடியாது.

என் கவலை அங்கேதான். பெரும்பாலான வீடுகளில் குழந்தையின் முதுகில் விழும் அடி, கொட்டிய ரவைக்காக விழுவதில்லை. பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, ஓய்ந்த பிறகும் இன்னொரு வேலை தன் தலையிலேயே விழுகிறதே என்ற ஒருத்தியின் அலுப்பு அது. "என்ன வளர்ப்பு இது?" என்று கூடத்திலிருந்து கேட்பவர் எழுந்து வருவதில்லை.

ஆபத்தானதை மட்டும் கண்டிப்பாக அகற்றிவிட வேண்டும். தவழும், நடை பழகும் குழந்தைக்குத் தலை கனம். வாளிக்குள் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, அரை வாளித் தண்ணீர்கூட வேண்டாம். ரிமோட்டில் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கி அது தொண்டைக்குக் கீழே சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். மண்ணெண்ணெய், பினாயில், மாத்திரை எல்லாம் பூட்டுக்குள் போகட்டும்.

ரவையும் மாவும் கீழ்த்தட்டிலேயே இருக்கட்டும். கொட்டினால், அப்பாக்களே, தாத்தாக்களே, துணியை நீங்கள் எடுங்கள்.