பூசலார் கட்டிய கோயிலுக்குப் படம் கிடையாது

பெரியபுராண வகுப்புக்கு ஸ்லைடு போடலாம் என்று எங்கள் தெருப் பிள்ளைகள் சொன்னபோது நான் மறுக்கவில்லை. படம் காட்டிக் கதை சொல்வது நமக்குப் புதிதா என்ன? தாராசுரத்தில், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் எடுத்த கோயிலில், நாயன்மார் வரலாறுகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாகச் செதுக்கி வரிசையாக வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், கரண்ட் வேண்டாம். நடந்தால் அடுத்த படம். சந்தேகம் வந்தால் அங்கேயே நின்றுகொள்ளலாம்.

எங்கள் ஊர்க் கதையில்தான் இடிக்கிறது. திருநின்றவூர்ப் பூசலார் சிவனுக்குக் கோயில் எழுப்பப் பொருள் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை, மனத்துக்குள் கட்டினார். அதே காலத்தில் காஞ்சியில் காடவர்கோன் பெரும் செலவில் கற்றளி எடுத்துக்கொண்டிருந்தான். கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மப் பல்லவன்தான் அவன் என்பார்கள். சிவன் அவன் கனவில் வந்து, நாளை பூசலின் ஆலயத்துக்குப் போகிறேன், நீ குடமுழுக்கை வேறு நாள் வைத்துக்கொள் என்கிறார். அரசன் இங்கே வந்து விசாரித்தால், அப்படியொரு கோயிலே இல்லை என்கிறார்கள் ஊரார். இதற்கு என்ன படம் போடுவது? தலைக்கு மேல் மேகம் வரைந்து அதில் ஒரு கோபுரத்தை வைக்கலாம். வரைந்ததுமே கதை போயிற்று.

யாருக்கும் காட்ட முடியாத ஒன்றைக் கட்டியதாக எப்படிச் சொல்வது? பகற்கனவுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸில் இருந்தவன் நான். புதுப் பையன்களைப் பழக்குவது என் பொறுப்பு. மெஷின் பக்கத்தில் ப்ரொஜெக்டர் ஏது? "கண்ணை மூடிக்கிட்டு இந்தப் பம்ப்பைப் பிரிப்பா" என்பேன். "கப்ளிங் போல்ட்டைக் கழட்டுறேன் சார்" என்பான். "மேலே மூடியிருக்கிற கார்டை எப்போ எடுத்தே?" பையன் முழிப்பான். "லைனை ஆஃப் பண்ணிப் பூட்டுப் போட்டியா? வால்வை மூடினியா?" மறுபடி முதலிலிருந்து வருவான். அவன் மனத்துக்குள் இருக்கும் பம்ப் அவனைத் தடுக்கிறது. பகற்கனவு யாரையும் தடுக்காது. ஆசைப்பட்டதும் கோபுரம் நிற்கும், கலசம் மின்னும்.

பூசலாருக்கு அப்படி நிற்கவில்லை. சேக்கிழார் சொல்லும் வரிசையைப் பாருங்கள். மனத்தாலேயே பொருள் சேர்க்கிறார், தச்சரைத் தேடுகிறார், நல்ல நாள் பார்க்கிறார், இரவிலும் கண் துஞ்சவில்லை. அடியிலிருந்து ஒவ்வொரு வரிசையாக ஏறிச் சிகரம், ஸ்தூபி, சுதை வேலை. நினைப்புதானே, எதற்கு நாள் பார்க்க வேண்டும்? எதற்கு ராத்தூக்கம் கெட வேண்டும்? கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்களும் மனத்தில் மாளிகை கட்டினார்கள். பேச வேண்டியதை மறக்காமலிருக்க அறைக்கு ஒன்றாக வைத்தார்கள். அது கிடங்கு. இவர் கட்டியது ஒருவர் வந்து குடியிருக்க.

இன்னொன்று. எங்கும் நிறைந்தவருக்கு ஒரே நாளில் இரண்டு கோயிலுக்குள் புகுவதா கஷ்டம்? இருந்தும் அரசனின் நாளைத் தள்ளிப்போடச் சொல்கிறார். கல்லுக்கும் நினைப்புக்கும் ஒரே பஞ்சாங்கம் என்று வைத்துவிட்டார் சேக்கிழார்.

மனமே போதும் என்று வசூலுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் கமிட்டிக்காரர்கள் இதைச் சாக்காகக் கொள்ள வேண்டாம். பூசலார் முதலில் அலைந்து பார்த்தவர்.

மனத்தில் கட்டிய அந்தக் கோயில், இருதயாலீஸ்வரர் கோயிலாக, எங்கள் ஊரில் இன்று கல்லாகவே நிற்கிறது, கருவறையில் பூசலாரும் இருக்கிறார். ஆனாலும் வகுப்பில் அவர் முறை வந்தால் ப்ரொஜெக்டரை அணைக்கச் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு அடித்தளத்திலிருந்து கட்டுவார்கள். சேக்கிழார் பாட்டில் கிணறு முதலில் வரும், பிறகு மதில், அதற்கப்புறம் குளம். ஒருநாள் ஒரு சிறுமி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "மதில் எழுப்பியாச்சே தாத்தா, குளம் வெட்டுற மண்ணை எந்த வழியா வெளியே கொண்டு போறது?" நான் பதில் சொல்வதற்குள் பக்கத்துப் பையன் சொன்னான்: "குளத்தை மதிலுக்கு வெளியே வெட்டு."