மணமும் மானமும்

காண விரும்பாததைக் கண்மூடித் தவிர்க்கலாம். உண்ண விரும்பாததை உண்ணாது விடலாம். காதைக்கூடச் சிறிது நேரம் பொத்திக்கொள்ளலாம். மூக்கோ மூச்சின் வாயில். உயிர்ப்பு உள்ளவரை அது திறந்தே இருத்தல் வேண்டும். எனவே ஒருவர் பூசிய மணம் அவரோடு நின்றுவிடுவதில்லை. அருகிருப்பவரின் மூச்சிலும் கலந்துவிடுகின்றது. உடன் பணிபுரியும் ஒருவர் அளவு கடந்து வாசனைத் தைலம் பூசிவரின், அதனைக் குறித்துப் பேச மற்றவருக்கு உரிமை உண்டா? உண்டெனின் எவ்வாறு பேசுவது? சிறிய வினாவாகத் தோன்றும் இது, உற்று நோக்கின் சுதந்திரம், மானம் ஆகிய இரண்டையும் தொடுவதாகும்.

ஜேர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் இதனைக் கவனியாது விடவில்லை. அயலாரின் அமைதியைக் கெடுக்கும் இசையை, வாசனை தோய்ந்த கைக்குட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பவனின் செயலோடு 1790 இல் வெளியான தம் நூலொன்றில் அவர் ஒப்பிட்டார். சூழ இருப்போர் விரும்பினும் விரும்பாவிடினும் அவ்வின்பத்தில் பங்குகொள்ள நேர்கிறது. ஆதலின் மணம் சுதந்திரத்துக்கு மாறானது என்று 1798 இல் வெளியான மானிடவியல் நூலிலும் அவர் கருதினார்.

இவ்வினாவுக்கு ஒரு பகுதி விடையை ஊவா மலைநாடு நடைமுறையிலேயே வைத்திருக்கின்றது. மடுல்சீமை, பசறை, பதுளைப் பகுதிகளின் தோட்டங்களில் பறிக்கப்படும் கொழுந்து வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தப்பட்டுத் தேயிலையாகின்றது. நன்கு உலர்ந்த தேயிலையில் நூற்றுக்கு மூன்று பங்களவே ஈரம் எஞ்சும். அந்நிலையில் அது தன்னைச் சூழ்ந்த ஈரத்தையும் மணத்தையும் எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். மல்லிகை அரும்புகளோடு இலையைக் கலந்துவைத்து மணமூட்டும் சீனரின் கலை இப்பண்பை அடிப்படையாகக் கொண்டதே. ஆனால் தேயிலைத் தொழிற்சாலைக்கு இதுவே ஆபத்து. யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் பருவத்தில் ஊவாத் தேயிலை பெறும் தனிமணமே, 1883 இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் அதற்கு மதிப்பைத் தேடித்தந்தது. அம்மணத்தின்மேல் அயல்மணம் ஏறிவிட்டால் பிரித்தெடுத்தல் அரிது. ஆதலின் தேயிலையைக் கையாள்வோரும் சுவைத்துத் தரம் காண்போரும் வாசனை பூசலாகாது என்பது இத்தொழிலில் பேணப்படும் ஒழுங்கு.

இவ்வொழுங்கின் சிறப்பு யாது? அது எவருடைய உடலையும் பழிப்பதில்லை. தொழிற்சாலைக்குள் நுழைபவர் துரையாயினும் தொழிலாளியாயினும் கட்டளை ஒன்றே. காரணம் இலையின் இயல்பு என்பதால், கேட்பவர் நாணவும் சொல்பவர் தயங்கவும் வேண்டியதில்லை.

வங்கியிலோ பாடசாலை ஆசிரியர் அறையிலோ அத்தகைய இலை எதுவும் இல்லை. அங்கு இருப்பது அடுத்த மேசைக்காரரின் தலைவலி; அல்லது அவருடைய ஆஸ்துமா. ஒற்றைத் தலைவலிக்கும் இழுப்புக்கும் ஆளாவோரிற் பலருக்குக் கடும் வாசனை நோயைத் தூண்டும் காரணி என்பது மருத்துவம் அறிந்ததே. அமெரிக்காவின் டெட்ரோயிட் மாநகர நிர்வாகத்தில் பணியாற்றிய பெண்ணொருவர், உடன் பணிபுரிபவரின் வாசனையால் மூச்சுவிட இயலாமற் போனதென வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு 2010 இல் ஓர் இலட்சம் டொலர் இழப்பீட்டுடன் இணக்கமாக முடிந்தது. வாசனைப் பொருள்களைத் தவிர்க்குமாறு ஊழியரைக் கேட்டு அறிவித்தல் வைக்கவும் மாநகரம் உடன்பட்டது. இலைக்கு நேரும் கேட்டிற்கு அஞ்சும் நாம், மனிதருக்கு நேரும் கேட்டிற்கு அஞ்ச வேண்டாமா?

எனினும் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. மணத்தின் பெயரால் மனிதரை விலக்குதல் பழைய கொடுமை. உழைப்போர் நாறுவர் என்னும் எண்ணமே ஆங்கில மேல்வகுப்பினரின் உள்ளத்தில் வகுப்பு வெறுப்பை வேரூன்றச் செய்தது என 1937 இல் ஜோர்ஜ் ஓர்வெல் எழுதினார். மலையகத்தார்க்கு இது புதிய செய்தியன்று. விறகுப்புகை சூழ்ந்த லயக் காம்பராவிலிருந்து, பலரும் காத்து நிற்கும் குழாயடியில் நீர்பிடித்துக் குளித்து, நகரத்து அலுவலகத்துக்குப் புறப்படும் இளம்பெண் சற்று மிகுதியாகவே வாசனை பூசிக்கொள்ளக்கூடும். அவளுக்கு அது ஏளனத்தினின்று தன்னைக் காக்கும் கவசம். அதனைக் களையுமாறு கேட்பவர், எதிலிருந்து அவள் தன்னைக் காத்துக்கொள்கிறாள் என்பதையும் எண்ணிப் பார்த்தல் கடன்.

ஆகவே அருவருப்பு வேறு, ஊறு வேறு எனப் பிரித்தறிதல் முதற்படி. எனக்குப் பிடிக்கவில்லை என்பது பிறரைத் திருத்தும் உரிமையைத் தராது. என்னால் மூச்சுவிட முடியவில்லை என்பது தரும். இதே வேண்டுகோளை என் மேலதிகாரியிடமும் விடுப்பேனா என்று தன்னைத் தானே வினவுதல் இரண்டாம் படி. இல்லை என்பது விடையாயின், நம்மைத் தூண்டுவது தலைவலி மட்டுமன்று. தரம் பிரித்துப் பார்க்கும் மனமும் அதில் கலந்துள்ளது.

இனிச் சொல்லும் முறை. இடைவிடாது நுகரும் மணத்துக்கு மூக்கு விரைவில் பழகிவிடும். பூசியவருக்கே தம் மணத்தின் மிகுதி தெரியாது போகும். அறியாது செய்பவரிடம் சினம் கொள்ளுதல் முறையன்று. அறிவியாது விடுதலோ அதனினும் தவறு. சன்னலை ஓசைபடத் திறத்தலும், மூக்கைச் சுளித்தலும், பெயரிடாத துண்டுக்கடிதம் வைத்தலும், முதுகுக்குப் பின்னே நகைத்தலும் கோழைத்தனத்தின் வடிவங்களே. மோந்தால் வாடும் அனிச்சத்தைக் காட்டிலும் மென்மையுடையவர் முகம் மாறி நோக்கப்படும் விருந்தினர் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. உடன் பணிபுரிபவரின் உள்ளமும் அத்தகையதே. தனியிடத்தில், அவருடைய மணத்தைப் பற்றி அன்றித் தம் உடல்நலத்தைப் பற்றிப் பேசுபவர், உண்மையையும் கூறுகிறார். கேட்பவரின் மானத்தையும் காக்கிறார். தொழிற்சாலையில் இலை ஏற்ற பொறுப்பை இங்கு சொல்பவரின் நோவு ஏற்கிறது. காற்றோட்டமுள்ள அறையும் எல்லோருக்கும் பொதுவான விதியும் வகுத்தல் நிர்வாகத்தின் கடமை. அதனை ஒரு பெண்ணின் தலையில் சுமத்துதல் நீதியாகாது.

நாற்றம் என்னும் சொல் முன்னாளில் நறுமணத்தையும் குறித்தது. இந்நாளில் தீமணத்தைக் குறிக்கின்றது. சொல்லின் பொருள் மாறியது காலத்தால். ஒருவர் பூசிய நறுமணம் மற்றவர்க்குத் துன்பமாவதோ ஒரே அறைக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகின்றது. அவ்வேளையில் இருவருள் எவரும் தாழ்ந்துபோகாதபடி பேசக் கற்றல், படித்தோர்க்கு இன்றியமையாத பயிற்சி எனலாம்.